கொதிப்பும் தணிப்பும்

“தணிகை என்றால் தணியும் இடம்!” என்கிறார்கள். சூரபதுமனை வென்ற முருகன், போர்க்களத்துச் சினம் அடங்காமல் வந்து, இந்த மலைமேல் அமர்ந்த பிறகே ஆறினானாம். மற்ற முருகன் கோயில்களில் கந்தசட்டிக்குச் சூரசங்காரம் நடக்கும்போது, திருத்தணியில் மட்டும் சங்காரம் இல்லை, மலர் அருச்சனைதான் உண்டு என்று பெருமையும் பேசுகிறார்கள். பேசட்டும். ஆறுமுகன் சினம் ஆறிற்றா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறானே ஆறறிவு படைத்த மனிதன், அவனுடைய இரத்தக் கொதிப்பு தணிகிறதா என்பதே நம் கேள்வி.

அந்த மனிதரைச் சற்றே கற்பனை செய்துகொள்வோம். பொதட்டூர்ப்பேட்டைத் தறிக்காரர். வயது நாற்பத்தைந்து. விசைத்தறியின் ஓயாத ஓசையிலே பகலைக் கழிப்பவர். பழையதும் ஊறுகாயும் தின்று பசியைக் கழிப்பவர். ஒருநாள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியரான அம்மையார் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கையிலே பட்டையைச் சுற்றி அளந்து பார்க்கிறார்.

“ஐயா, 138-க்கு 88 காட்டுகிறது. கொஞ்சம் கூடுதல். சுகாதார நிலையத்துக்கு வந்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.”

தறிக்காரர் சிரிக்கிறார். “எனக்கா அம்மா கொதிப்பு? தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. நாலு ஆள் வேலையை ஒருவனாகச் செய்கிறேனே!”

அம்மையார் அடுத்த வீட்டுக்குப் போகிறார். அறிவுரைகள் இந்த வீட்டுக்கு வருகின்றன. “தம்பி, மாத்திரையைத் தொட்டால் அது உன்னை விடாது, நாட்டு மருந்து சாப்பிடு” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். “உடம்பெல்லாம் சூடு, மோரிலே உப்புப் போட்டுக் குடிக்கட்டும்” என்கிறார் மாமியார். “ஆயுர்வேதம் அப்பா, ஐயாயிரம் ஆண்டுப் பழமை, பக்கவிளைவே கிடையாது” என்று ஒரு புட்டி லேகியத்தை எடுத்து நீட்டுகிறார் கடைக்காரர். “தணிகைமலையான் மேனியில் சாத்திய சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடி, தீராத நோயெல்லாம் தீரும்” என்கிறார் ஊர்ப் பெரியவர். எல்லாவற்றையும் செய்கிறார் தறிக்காரர். ஒரு மாதம் கழித்து அளந்தால் 130-க்கு 84.

“கண்டீர்களா!” என்கிறார் கடைக்காரர். “கண்டீர்களா!” என்கிறார் பெரியவர். “கண்டீர்களா!” என்கிறார் மாமியார்.

தோழர்களே! இந்தக் “கண்டீர்களா”வைத்தான் நாம் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதல் குற்றவாளி ஒரு சொல். “கொதிப்பு” என்ற சொல். குருதி கொதிப்பதில்லை. அடுப்பில் வைத்த உலைநீரல்ல அது. இதயம் என்ற எக்கி ஒவ்வொரு துடிப்பிலும் குருதியைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. தள்ளப்படும் குருதி குழாய்ச் சுவரை அழுத்துகிறது. இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது விரிந்து இளைப்பாறும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். இதிலே சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஆனால் கொதிப்பு என்று பெயர் வைத்துவிட்டோமா, பிறகு மருத்துவம் முழுவதும் அந்தப் பெயரின் பின்னே ஓடுகிறது! கொதிப்பதைக் குளிரவைக்க வேண்டுமாம். அதற்குச் சந்தனம்; அதற்கு எண்ணெய் முழுக்கு; அதற்கு உப்பிட்ட மோர். எந்த உப்பு அழுத்தத்தை ஏற்றுகிறதோ அதே உப்பை மோரிலே கரைத்து, அழுத்தத்தை இறக்குவதற்காகக் குடிக்கிறான் தமிழன். கோடையில் வெயில் கொளுத்தும் திருத்தணியில் உடம்பு குளிர்ச்சியைத் தேடுவது இயல்பு. மோர் குடிப்பது தவறில்லை. மோரிலே உப்பை அள்ளிப் போட்டு அதற்கு மருந்து என்று பட்டம் சூட்டுவதுதான் தவறு. ஒரு சொல்லின் மயக்கம் ஒருவன் உயிரோடு விளையாடுகிறது.

அழுத்தம் என்ற ஒன்று உண்டென்பதையே மனிதன் அறிந்தது அண்மையில்தான். குருதி உடலைச் சுற்றி ஓடுகிறது என்று இங்கிலாந்தின் வில்லியம் ஆர்வி எழுதியது 1628-இல். கையிலே பட்டை சுற்றிப் பாதரசத் தண்டால் அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி அமைத்தது 1896-இல். செவிக்குழல் வைத்து ஓசை கேட்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தறியும் முறையை உருசிய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னது 1905-இல். அப்படியிருக்க, “ஐயாயிரம் ஆண்டாக இரத்த அழுத்தத்தைக் குணப்படுத்தி வருகிறோம்” என்று ஒருவர் சொன்னால், அளவுகோல் பிறக்காத காலத்தில் எதை அளந்தீர்கள் என்று கேட்க வேண்டாமா? சரகரும் சுசுருதரும் அறியாததில் அவர்களுக்கு இழுக்கில்லை. கிரேக்கத்தின் இப்போகிரட்டீசும் அறியார். அறியாதவர் வாயிலே அறிந்ததாகச் சொல்லைத் திணிப்பவருக்குத்தான் இழுக்கு.

இரண்டாவது குற்றவாளி, இந்நோயின் மௌனம்.

திருத்தணியிலிருந்து நகரி வழியே போனால், எல்லைக்கு அப்பால் புத்தூர். “புத்தூர்க் கட்டு” என்றால் தமிழகமெங்கும் தெரியும். எலும்பு முறிந்தவர்கள் சென்னையிலிருந்தும் போகிறார்கள். அந்தக் கட்டின் குறை நிறைகளை ஊடுகதிர்ப் படம் பேசட்டும். நான் சொல்ல வருவது வேறு. முறிந்த எலும்பு கூடியதா இல்லையா என்பதை முறிந்தவனே அறிவான். நடந்தால் தெரியும், நொண்டினால் தெரியும், வலித்தால் தெரியும். தவறு செய்த வைத்தியனைத் தெருவே காட்டிக்கொடுக்கும்.

இரத்த அழுத்தம் அப்படியா? அது வலிக்காது, எரியாது, முனகாது. 138-உம் ஒன்றாகவே தோன்றும், 118-உம் ஒன்றாகவே தோன்றும். சிலருக்கு 180-கூட ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும், ஒருநாள் வாய் கோணிக் கைகால் விழும் வரையில். ஆகவே, “மருந்து சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது” என்று நோயாளி தரும் சான்றிதழ் இங்கே செல்லாக்காசு. சாப்பிடுவதற்கு முன்பும் நன்றாகத்தானே இருந்தது! ஊமை நோய் இது. ஊமை சாட்சி சொல்லாது என்ற துணிவில்தான் கடைத்தெருவில் கூச்சல் அதிகம்.

அப்படியானால் 138 எப்படி 130 ஆயிற்று என்பீர்கள். நல்ல கேள்வி, இந்த வழக்கின் உயிர்நாடியே அதுதான். குருதி அழுத்தம் கல்வெட்டில் பொறித்த எண்ணன்று. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. படியேறி வந்தால் ஒன்று, படுத்தெழுந்தால் ஒன்று. அளக்க வந்த புதியவரைப் பார்த்த பதற்றத்தில் ஒன்று, பழகிய பிறகு ஒன்று. முதல் முறை சற்றே கூடுதலாகக் காட்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒன்றுமே கொடுக்காமல், ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்தால், பலருக்கு எண் தானாகவே இறங்கியிருக்கும். உயர்ந்த அலையின் உச்சியில் நின்று அளந்தோம். அடுத்த அளவு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். அந்த இடைக்காலத்தில் லேகியம் தின்றவன் லேகியத்தைப் போற்றுவான். சந்தனம் குடித்தவன் சாமியைப் போற்றுவான். இரண்டும் செய்யாதவன் எதையும் போற்றாமல் வேலைக்குப் போவான். அவன் கதையை மட்டும் ஊர் பேசாது!

ஆகவேதான், “சற்றே கூடுதல்” என்ற இந்த நிலை போலி மருத்துவத்தின் பொன்விளையும் பூமி. கடுமையான நோயிலே பொய் மருந்து அம்பலமாகும். சற்றே கூடிய அழுத்தத்திலே எல்லா மருந்தும் வென்றதாகத் தோன்றும்.

உண்மையை அறிய வழியில்லையா? உண்டு. நூறு பேரைத் திரட்டுங்கள். சீட்டுக் குலுக்கிப் பாதிப்பாதியாகப் பிரியுங்கள். ஐம்பது பேருக்கு லேகியம்; ஐம்பது பேருக்கு அதே நிறத்தில், அதே சுவையில், மருந்தில்லாத போலி உருண்டை. யார் எதைத் தின்கிறார் என்பது தின்பவருக்கும் தெரியக்கூடாது, அளப்பவருக்கும் தெரியக்கூடாது. மூன்று மாதம் கழித்து எல்லாரையும் அளந்து, இரு கூட்டத்தையும் ஒப்பிடுங்கள். லேகியம் மெய்யானால் வேறுபாடு தெரியும். பொய்யானால் இரண்டும் ஒன்றாக நிற்கும். இந்தத் தேர்வுக்குச் சாதி தெரியாது, சாத்திரம் தெரியாது, வடமொழியும் தெரியாது, தென்மொழியும் தெரியாது.

“சற்றே கூடியதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்கும் தோழரும் இருப்பார். அவருக்கு இரண்டு கணக்கு சொல்வேன். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைப் பின்தொடர்ந்த 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 40 முதல் 69 வயதுள்ளவர்களுக்கு, 115-க்கு 75 என்ற அளவிலிருந்து மேலே போகப் போக, மேல் எண்ணிலே ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது என்பதே அந்த முடிவு. கரையிலிருந்து ஒரே அடியில் யாரும் நடுக்கடலுக்குப் போவதில்லை. முழங்கால் நீர், இடுப்பு நீர், கழுத்து நீர் என்றுதான் ஆழம் வருகிறது. 138 என்பது இடுப்பளவு நீர். திரும்பிவிட எளிதான இடம். ஆகவே திரும்பிவிடத் தகுந்த இடம்.

இரண்டாவது கணக்கு நம் வீட்டுக் கணக்கு. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், வயது வந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அவர்களிலே அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர்தாம். மூவரில் ஒருவர் என்றால், தோழர்களே, நம் படிப்பகத்து விசுப்பலகையில் அமர்ந்திருக்கும் மூவரையும் எண்ணிப் பாருங்கள்.

ஆயுர்வேதத்தைத் தூக்கி எறிந்துவிடச் சொல்கிறேனா? இல்லை. எறிவதும் ஏற்பதும் சோதனைக்குப் பின்பு என்கிறேன். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. இந்தக் கதையைப் பழமைப் பெருமையாளர் பாதி சொல்வார்கள். நாம் முழுதும் சொல்ல வேண்டும்.

சர்ப்பகந்தா என்றொரு செடி. அதன் வேரை நாட்டு வைத்தியர்கள் பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்து வந்தார்கள். 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும், அந்த வேர் மனநோயோடு இரத்த அழுத்தத்தையும் குறைப்பதைக் கண்டு எழுதினார்கள். அதே காலத்தில் தில்லியில் சலிமுசமான் சித்திக்கி அதன் வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். பம்பாயின் மருத்துவர் உருசுதம் ஜால் வக்கீல், அழுத்தம் கூடிய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து அளந்து குறித்து, 1949-இல் பிரித்தானிய இதயநோய் ஏட்டிலே முடிவை வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா நிறுவனத்து அறிவியலார் அதன் ஆற்றல்மிக்க பொருளைப் பிரித்து ரெசர்ப்பின் என்று பெயரிட்டார்கள். 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் இலாசுக்கர் பரிசு கிடைத்தது.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? 1945 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டு மூளையில் குருதி பெருகி இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300-க்கு 190. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த அழுத்தம் அது. உலகத்தையே ஆட்டிவைத்த வல்லரசின் தலைவனுக்கு, வயது 63-இல், அதை இறக்க ஒரு நல்ல மருந்தில்லை. அந்த வறட்சிக் காலத்தில்தான் நம் மண்ணின் வேர் உலகுக்குக் கைகொடுத்தது. பெருமைப்படலாம், தாராளமாகப் பெருமைப்படலாம்.

கதை அங்கே முடியவில்லை. ரெசர்ப்பின் அளவு மீறினால் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளிற்று. அதையும் அளந்தார்கள், எழுதினார்கள். அதைவிட நல்ல மருந்துகள் வந்தன. அது பின்னுக்குப் போயிற்று. பாருங்கள்: நம் செடியைப் புகழ்ந்ததும் சோதனை, அதன் குறையைச் சொன்னதும் அதே சோதனை. “மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது” என்ற பொய்யை, நம் மூலிகைகளிலே புகழ்மிக்க அந்த மூலிகையே உடைத்தெறிந்துவிட்டது. விளைவுள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கும். பக்கவிளைவே இல்லாத பொருளுக்குப் பெரும்பாலும் விளைவும் இருக்காது.

இன்னும் கேளுங்கள். கஷாயத்திலும் சூரணத்திலும் இனிப்புக்கும் இருமலுக்கும் சேர்க்கும் அதிமதுரம் இருக்கிறதே, அதை நாள்தோறும் மிகுதியாகத் தின்றால் உடல் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சாம்பல்சத்து வெளியேறும், அழுத்தம் ஏறும். மருந்துக் கடையிலே வாங்கி நோயை வளர்க்கும் விந்தை! “இந்துப்பு நல்லது, அது கொதிப்பு தராது” என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். மலையில் வெட்டினாலும் கடலில் விளைந்தாலும் உப்பு உப்புத்தான். இரண்டிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறம் சற்றே சிவந்தால் குணம் மாறிவிடுமா?

அமெரிக்காவின் பாசுட்டன் நகர்க் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கி ஆய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று! உடம்பில் சேரும் ஈயம் குருதி அழுத்தத்தையே உயர்த்தும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. எல்லா வைத்தியரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. புட்டியின் மேலே “இயற்கை” என்று எழுதியிருப்பது உள்ளே இருப்பதற்குச் சான்றன்று என்கிறேன்.

சட்டம் இல்லையா? உண்டு. 1954-இலேயே மருந்துகள், மாய மருத்துவங்கள் பற்றிய விளம்பரச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வது குற்றம் என்று அது சொல்கிறது. அந்த நோய்ப் பட்டியலிலே உயர் இரத்த அழுத்தமும் உண்டு. தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் “மாய மருத்துவம்” என்று அச்சட்டமே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. ஆனாலும் 2024-இல் உச்ச நீதிமன்றம் பதஞ்சலி நிறுவனத்தை அழைத்து, அதன் விளம்பரங்களுக்காகக் கண்டித்து, நாளேடுகளில் மன்னிப்பு வெளியிட வைக்க வேண்டியிருந்தது. சட்டம் பிறந்து எழுபது ஆண்டு! சட்டப் புத்தகம் அலமாரியிலே. சர்வரோக நிவாரணி சந்தையிலே.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். ஆயுர்வேதம் வடமொழியில் இருக்கிறது என்பதால் தள்ளுவதும், சித்த மருத்துவம் தமிழில் இருக்கிறது என்பதால் கொள்ளுவதும் பகுத்தறிவாகாது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி, நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உசுமான் தலைமையில் குழு அமைத்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் அது விசாரித்தது. 1923-இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆராய்ந்து பார்ப்பது என்ற அந்த வழக்கம் நமக்குப் புதிதன்று.

சரகரின் நூலே மருத்துவத்தை வகை பிரிக்கிறது. தெய்வத்தை நம்பும் மருத்துவம் ஒன்று. அதிலே மந்திரமும் தாயத்தும் பலியும். யுக்தியை, அதாவது காரணகாரியத்தை நம்பும் மருத்துவம் ஒன்று. அதிலே உணவும் மருந்தும். மனத்தை அடக்கும் மருத்துவம் இன்னொன்று. அவர் எல்லாவற்றுக்கும் இடம் தந்தார். ஆனால் வேறு வேறு என்று கோடு கிழித்துக் காட்டினார். இன்று ஆயுர்வேதத்தின் பேரால் வணிகம் செய்பவர் அந்தக் கோட்டைத்தான் அழிக்கிறார். யுக்தியை எடுத்துவிட்டுப் பக்தியை ஊற்றுகிறார்! அந்த நாளிலேயே வைத்தியனைச் சாத்திரம் எப்படி நடத்திற்று தெரியுமா? பிதிர்க்கடனுக்கும் வேள்விக்கும் அழைக்கத் தகாதவர் என்று மனு தரும் பட்டியலில் வைத்தியனும் இருக்கிறான். நோயாளியின் சாதி பாராமல் தொட்டுப் பார்த்தவனைத் தீட்டு என்று ஒதுக்கிய சாத்திரத்தின் வழிவந்தோர், இன்று அவன் புட்டியை ஏந்தி “எங்கள் பழம்பெருமை” என்கிறார்கள். அந்தப் பட்டியலில் வைத்தியனுக்குப் பக்கத்திலேயே கோயில் பூசாரியும் இருக்கிறான் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். நாம் சொல்லி வைப்போம்.

சரி, சோதனையில் தேறியவை எவை? அதைச் சொல்லாமல் இடித்துவிட்டு மட்டும் போனால் இந்தக் கட்டுரையும் வெறும் கொதிப்பே.

உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. உலகத்தார் சராசரியாகத் தின்பதோ அதைப்போல் இருமடங்கு. நம் உப்பு குழம்புச் சட்டியில் மட்டும் இல்லை. ஊறுகாயில், அப்பளத்தில், கருவாட்டில், மோர்மிளகாயில், பொட்டலத்து மிக்சரில் ஒளிந்திருக்கிறது. ஆந்திர எல்லையோரத்து ஆவக்காய் நாவுக்கு அமுதம். நரம்புக்கு நஞ்சாகாமல் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிற்கட்டும்.

உணவு. 1997-இல் அமெரிக்காவில் 459 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்கள் மாத்திரை தின்னாதவர்கள். பெரும்பாலோர் நம் தறிக்காரரைப்போல் சற்றே கூடிய நிலையில் இருந்தவர்கள். காயும் கனியும் கொழுப்பு நீக்கிய பாலும் மிகுந்த உணவை எட்டு வாரம் கொடுத்தார்கள். உயர் அழுத்தம் இருந்தவர்களின் மேல் எண் சராசரியாக 11 இறங்கிற்று. உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று 2001-இல் வந்த அடுத்த சோதனை காட்டிற்று. கீரையும் வாழையும் முருங்கையும் விளையும் நாட்டிலே இது எட்டாக்கனியன்று. திருக்குறளில் “மருந்து” என்ற அதிகாரத்தைப் புரட்டுங்கள். அங்கே வள்ளுவர் பெரிதும் பேசுவது உணவின் அளவைப் பற்றித்தான், மருந்துருண்டையைப் பற்றியன்று.

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும். குடியைக் குறைத்தால் குறையும். புகையை விட்டால் இதயம் பிழைக்கும். நடந்தால் குறையும்.

நடையென்றதும் தணிகை மலைக்குத் திரும்புவோம். 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்றாம். நாள்தோறும் மெல்ல மெல்ல அதை ஏறி இறங்குபவரின் உடல் சீர்படும், ஐயமில்லை. ஆனால் அதே மலைக்குக் காரும் போகிறது. காரிலே போய்ப் பத்து நிமிடத்தில் வணங்கித் திரும்பும் செல்வருக்கும் அதே முருகன், அதே சந்தனம், அதே திருநீறு. அருள்தான் அழுத்தத்தைத் தணிக்கிறது என்றால் காரில் வந்தவருக்கும் கால்நடையாய் வந்தவருக்கும் ஒன்றுபோலத் தணிய வேண்டும். தணியாது. ஏறியவருக்குப் பயன் உண்டு, ஏற்றிவிடப்பட்டவருக்கு இல்லை. பயன் தந்தது உச்சியில் நிற்கும் வேலா, அடியில் கிடக்கும் கல்லா? படியைக் கும்பிடுவதைவிடப் படியில் நடப்பது மேல். அழுத்தம் மிக ஏறியவரும், நெஞ்சு வலிப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கல்லுக்கும் அளவு உண்டு.

இவ்வளவும் சொல்லும்போது நாணமும் வருகிறது. விசைத்தறியின் முன்னே நாள் முழுதும் நிற்பவரிடம் “உலாவுங்கள்” என்பதா? எல்லாரும் உண்டபின் எஞ்சிய சோற்றை ஊறுகாயோடு விழுங்கும் பெண்ணிடம் “கனி உண்ணுங்கள்” என்பதா? வாழ்க்கை முறையை மாற்று என்பது உபதேசம். வாழ்க்கையை மாற்று என்பது அரசியல். ஓய்வுக்கு நேரமும், காய்கறிக்குக் கூலியும், வீட்டுப் பெண்ணுக்குச் சமபங்கும் இல்லாத இடத்தில் உபதேசம் காற்றோடு போகும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று. சற்றே கூடியவர், சர்க்கரை நோய் முதலிய வேறு ஆபத்து இல்லாதவரானால், சில மாதம் உப்பையும் எடையையும் குறைத்து நடந்து பார்க்க மருத்துவரே இடம் கொடுப்பார். பல நாள் அளந்தும் 140-க்கு 90 என்ற எல்லையைத் தாண்டி நின்றால் மாத்திரையைத் தள்ளிப்போடுவது மடமை. “தொட்டால் விடாது” என்கிறார்களே, விடாதது மாத்திரையன்று, நோய். மூக்குக் கண்ணாடி போட்டவன் கழற்றினால் எழுத்து மங்குகிறது. அதற்காகக் கண்ணாடி கண்ணைக் கெடுத்தது என்போமா? 1945-இல் வல்லரசின் தலைவனுக்குக் கிடைக்காத மருந்து, 2021 ஆகசுட்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தால், இன்று தறிக்காரர் வீட்டு வாயிலுக்கே விலையின்றி வருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு அத்திட்டத்துக்கு விருது தந்தது. வாயிலுக்கு வந்த மருந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வாங்கிய லேகியத்துக்குக் கடன் எழுதுவதா தன்மானம்?

இறுதியாக, இளைஞர்களே, நம்மை நாமே கேட்போம். மேடையிலே மூடநம்பிக்கையைத் தாக்குகிறோம். கூட்டம் முடிந்ததும் நள்ளிரவில் தேநீர்க் கடையில் பச்சியும் புகையும். தூக்கம் இல்லை, நடை இல்லை, அளவு இல்லை. “நமக்கு ஒன்றும் வராது” என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. அதற்கு மட்டும் கோயில் கட்டவில்லை, அவ்வளவுதான்! முதலில் உங்கள் கையை நீட்டுங்கள். அரைமணி முன்பிருந்து புகையும் காப்பியும் இன்றி, ஐந்து நிமிடம் சாய்ந்தமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, பேசாமல், இருமுறை அளந்து பாருங்கள். வேறு வேறு நாளில் அளந்து எழுதி வையுங்கள். ஓர் அளவை நம்பி அஞ்சவும் வேண்டாம். ஓர் அளவை நம்பி அகமகிழவும் வேண்டாம்.

பிறகு தணிகைக்கு வாருங்கள். திசம்பர் 31 இரவு அங்கே படித்திருவிழா. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு மக்கள் ஏறுவார்கள். பாடட்டும், தடுக்க வேண்டாம், பழிக்க வேண்டாம். முதற் படியின் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். ஓர் அளவுக் கருவி, ஒரு சிறு குறிப்பேடு, தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்த இரண்டு தோழர்கள் போதும். ஏறுபவரை அமர்த்தி, இளைப்பாறவிட்டு, அளந்து, எண்ணை எழுதிக் கையிலே கொடுங்கள். “ஐயா, அம்மா, இது உங்கள் எண். இதை அடுத்த வாரம் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். ஆடிக் கிருத்திகைக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

1960 ஏப்ரல் 1 அன்று, நெடிய எல்லைப் போராட்டத்துக்குப் பின், திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. மண்ணை மீட்கத் தெரிந்தவர்கள் நாம். அந்த மண்ணில் வாழும் மனிதனை, ஓசையின்றி அவனைத் தின்னும் ஒரு நோயிடமிருந்தும், ஓசையோடு அவனை ஏய்க்கும் ஒரு வணிகத்திடமிருந்தும் மீட்கும் வேலை மிச்சமிருக்கிறது.

சினம் தணிந்த கதையைக் கேட்டது போதும். அளந்து பாருங்கள், அளந்ததை நம்புங்கள்!